பின்னால் யார் உட்காருவாங்க?

"...இறங்கிட்டாரா இல்லையான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் அண்ணாச்சி. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்றார் செல்வராஜ்.

இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, என்ஜினை அணைக்காமல், பைக்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கடை ஸ்கூட்டரில் நான். பட்டப்பகல்தான். ஆனால் டெல்லியின் குளிர்காலப் பகல். பனியும் புகையும் கலந்து, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தேட வேண்டிய பகல். அவருடைய பின் சீட்டில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், அங்கே எப்படிப் போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் இப்போது குடியிருக்கும் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து, நான் டயர் மாட்டிக்கொண்டிருந்த பழைய கடையைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது டயர் கழற்ற மெஷின் வந்துவிட்டது. கை வலிக்காமல் வேலை நடக்கிறது, சந்தோஷம். ஆனால் புது ஃபிட்டர்கள் வண்டியை வாங்கும்போது ஒரு கேள்வியைக் கேட்பதில்லை என்று கவனித்தேன். ஏனப்பா கேட்பதில்லை என்றேன். "அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது அங்கிள்?" என்றான் ஒருவன். அவனுக்கு இந்தியில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கரோல்பாகில் மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கும் தெருக்களில் என் வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. அப்பா சேலத்திலிருந்து ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கட்ட வந்த கூட்டத்தில் ஒருவர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். இந்தி தெருவில் வந்தது, தமிழ் எழுத்து அம்மாவிடமிருந்து வந்தது, வேலை பார்த்துப் பார்த்து வந்தது. எங்கள் தெருவில் என்ஜின் ஆள் தனி, பெயின்ட் ஆள் தனி. நான் பின் சக்கரத்து ஆள். கம்பெனி போட்டு அனுப்பும் பின் டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட அகலமான டயரைப் போட்டுக் கொடுப்பது என் தொழில்.

இதற்கென்று ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் புரியவில்லை. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பதில் எனக்குத் தனி ருசி. கூரியர் ஓட்டும் ஒருவர் சொன்னார், "டிராஃபிக்ல எல்லாரும் என் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறாங்க. அப்போ வண்டிக்கு அதுதானே முகம்?" கல்யாணத்துக்கு இருந்த ஒரு பஞ்சாபிப் பையன் சொன்னான், பெண் வீட்டார் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்களாம், மேலிருந்து பார்த்தால் ஒல்லி டயர் இன்னும் ஒல்லியாகத் தெரியுமாம். போலீஸ்காரர் ஒருவர் அகல டயருக்கு அபராதச் சீட்டு எழுதிவிட்டு, அதே டயரைத் தடவிப் பார்த்து, எங்கே போட்டாய் என்று விலாசம் கேட்டு மறுவாரம் வந்து நின்றார்.

கடை முதலாளி ஒரு சர்தார்ஜி. தொழில் குரு என்ற அர்த்தத்தில் நாங்கள் உஸ்தாத் என்போம். என்னை அவர் 'பல்னி' என்று கூப்பிடுவார், பழனி என்பது கடைசி வரை அவர் நாக்கில் ஏறவில்லை. வண்டி வந்தால் உடனே கை வைக்க மாட்டார். தேநீரை எடுத்துக்கொண்டு அதை ஒருமுறை சுற்றி வருவார். குனிய மாட்டார், எதையும் தொட மாட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அகலம் அகலம் என்று பறக்கிறவர்களிடம், "அகலம் ரோட்டுல வேணுமா, மனசுல வேணுமா?" என்பார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி. எந்த வண்டியானாலும், யாரானாலும், அந்தக் கேள்வி உண்டு.

"பின்னால யார் உட்காருவாங்க?"

அம்மாவா, மனைவியா, இரண்டு பிள்ளைகளா, சிலிண்டரா, பால் கேனா? சிலர் வெட்கப்படுவார்கள், சிலருக்குக் கோபம் வரும். ஆனால் பதில் சொல்லாதவர்களுக்கு எங்கள் கடையில் டயர் கிடையாது.

காரணம் இருக்கிறது. அகலமான டயர் பக்கவாட்டில் மட்டும் பெருப்பதில்லை, கொஞ்சம் உயரவும் செய்யும். சக்கரத்தைக் கழற்றி, டயர் லிவரை இரண்டு பக்கமும் நுழைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புது டயரை ரிம்மில் ஏற்றுவோம். காற்று அடிக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மில் 'டப்' என்று உட்காரும். உட்கார்ந்ததும் ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை வண்டியில் மாட்டி, செயின் பக்கம் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், பிரேக் பக்கம் பார்க்க வேண்டும். அங்கெல்லாம் இடித்தால் நிற்கும்போதே தெரிந்துவிடும். மேலே மட்கார்டில் இடிப்பதுதான் தெரியாது. ஒருவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடம் இருக்கும். பின்னால் இன்னொருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் அந்த இடம் போய்விடும். டயர் மட்கார்டில் உரசும். நாளாக ஆக டயரை அறுக்கும். அறுந்த டயர் எங்கே வெடிக்கும் என்று யார் கண்டது?

அதனால் உஸ்தாத் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டயர் மாட்டியதும் மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸால் வெள்ளையாகத் தேய்ப்போம். வண்டிக்காரரைப் பின்னால் உட்கார வைத்து, ஃபிட்டர் ஓட்டிக்கொண்டு வேகத்தடைகள் இருக்கும் பின்தெருவில் ஒரு சுற்றுப் போய் வருவோம். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்போம். வெள்ளை அப்படியே இருந்தால் வண்டி வீட்டுக்குப் போகலாம். அழிந்திருந்தால், எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதை அந்த அழிந்த இடமே சொல்லிவிடும். ஆள் பொய் சொல்வான், சாக்பீஸ் சொல்லாது என்பார் உஸ்தாத்.

செல்வராஜ் கொரோனாவுக்கு முந்தைய குளிர்காலத்தில் வந்தார். லோதி ரோடு பக்கம் மத்திய அரசு ஆபீஸில் வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், திருநெல்வேலிக்காரர். ஒடிசலான மனிதர். நான் தமிழ் என்று தெரிந்ததும் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. இருப்பதிலேயே அகலமான டயர் வேண்டும் என்றார். நூறு மில்லிமீட்டர் அகலம் இருந்த இடத்தில் நூற்றுப்பத்து போதும் என்று உஸ்தாத் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டோம், ரிம் தாங்கும்.

உஸ்தாத் கண்ணை மூடிக்கொண்டு கேள்வியைக் கேட்டார். "யாரும் இல்லை. இனிமே யாரும் உட்கார மாட்டாங்க" என்றார் செல்வராஜ்.

டயர் மாட்டினேன். வெள்ளை தேய்த்து, அவரைப் பின்னால் வைத்து ஒரு சுற்றுப் போய் வந்தேன். இரண்டு பேர் பாரத்துக்கு, மட்கார்டின் நடுவில் மெல்லிய கோடாக ஓரிடத்தில் அழிந்திருந்தது. ஸ்பிரிங்கை இறுக்கித் தரட்டுமா என்றேன். தனியாகத்தானே போகப்போகிறேன், வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தார். சத்தம் வருகிறதாம். ஸ்டாண்டு போட்டு, குனிந்து டார்ச் அடித்தேன். மட்கார்டின் உள்பக்கம், சாக்பீஸ் அழிந்த அதே இடத்தில், பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது. ஒரு தடவை இரண்டு தடவை உரசினால் அப்படி ஆகாது. தினமும் இரண்டு பேர் போய் வந்த வண்டி அது.

பின்னால் யாரை ஏற்றுகிறீர்கள் என்று உஸ்தாத் கேட்டார். யாருமில்லை என்றார் இவர். எங்களிடம் வேலை பார்த்த இக்பாலுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ பின்னால வர்றவர்கிட்ட பாதி பெட்ரோல் காசு வாங்கிக்கங்க சார்" என்றான். நான் சிரித்தேன். செல்வராஜின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளே போய்விட்டது. உஸ்தாத் இக்பாலைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் போய் வேறு வேலையை எடுத்துக்கொண்டான்.

மறுபடி வெள்ளை தேய்த்தோம். நான் தனியாக ஒரு சுற்றுப் போனேன். வெள்ளை அப்படியே இருந்தது. உஸ்தாத் நல்ல கனம், ஸ்டூல் முனகும் ஆள். அவரே தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போய் வந்தார். வெள்ளை அப்படியே இருந்தது. அதன்பின் செல்வராஜைத் தனியாக அனுப்பினோம். தெருமுனையில் அவர் வேகத்தடை ஏறும்போது எனக்கு இங்கேயே கேட்டது. சர்ர்ர் என்று ஒரு சத்தம். வந்து நின்றார். வெள்ளை அழிந்திருந்தது. கோடாக, அதே இடத்தில்.

ஸ்பிரிங்கைக் கடைசிப் படி வரை இறுக்கினேன். மறுபடி அனுப்பினோம். அழிந்துதான் வந்தது. எங்கள் மூன்று பேரிலும் ஒல்லி அவர்தான். அவர் ஏறினால் மட்டும் வண்டி இரண்டு பேர் ஏறியதுபோல் அமுங்குகிறது. இதற்கு நான் எத்தனையோ காரணம் யோசித்திருக்கிறேன். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அவர் பிரேக் பிடிக்கிற விதம் வேறாக இருக்கலாம். கடையில் உட்கார்ந்து யோசிக்கும்போது சரியாகத்தான் இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தால் ஒன்றும் நிற்காது.

கழுத்து மயிர் சிலிர்த்தது என்றெல்லாம் எழுதினால் ஜோடனை ஆகிவிடும். என் கை சோப்புத் தண்ணீர் வாளிக்குள் இருந்தது, அதை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

உஸ்தாத் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். செல்வராஜை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை. செல்வராஜ் இந்தியும் தமிழுமாகச் சொன்னதை நான் கேட்டபடி சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் நின்று மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். தலையில் பாலித்தீன் பை கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து, "சார் தமிழா? நீங்க பேசுனது காதுல வுழுந்துச்சு. பாலத்துக்கு அந்தாண்ட, தண்ணி டேங்கர் நிக்கிற முக்குல எறக்கி வுட்டுடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பெயர் ஏழுமலை, விழுப்புரம் பக்கம், கட்டட வேலை. ஏற்றிக்கொண்டார். வழியில் ஏழுமலை தோளில் கை வைத்துக்கொண்டு, ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, "டயரு ஒல்லியா கீதே சார், மழைக்கு வழுக்கிடாது?" என்றாராம். இவர் சிரித்திருக்கிறார். பாலத்துக்கு அடியில் முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் வழுக்கிவிட்டது. இவருக்கு முட்டியில் அடி. ஏழுமலையின் தலை தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய மச்சான் வந்து, மழைக்கு யார் என்ன செய்ய முடியும் சார் என்று இவரையே தேற்றிவிட்டு, உடலை ஊருக்குக் கொண்டுபோனாராம்.

அகலமான டயர் போட்டால் மனசு ஆறும் என்று வந்திருக்கிறார். போட்ட அன்றே வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி கனத்ததாம்.

"எனக்குப் பயமில்லை. அவரு நல்ல மனுஷன். ஆனா அந்தச் சீட்டுல என் பொண்ணை எப்படி உட்கார வைப்பேன் அண்ணாச்சி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அதுதான் அவரை அரித்த விஷயம். மகள் நித்யா முனிர்காவில் கோச்சிங் வகுப்புக்குப் போகிறாள். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு பைக்கில் போய் வந்த பெண். மழைக்காலத்திலிருந்து இவர் அவளை ஏற்றுவதில்லை. காரணமும் சொல்லவில்லை. அவள் ஷேர் ஆட்டோவில் வருகிறாள். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. அந்த வாரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு ஓடி வந்து அழுதுவிட்டு, "நான் என்னப்பா தப்பு செஞ்சேன், ஏன் என்னைக் கூட்டிட்டு வர மாட்டேங்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். இவர் அவளைக் கூட்டிவர வண்டி சாவியை எடுப்பாராம், படி இறங்குவாராம், சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிவிடுவாராம்.

பழைய டயரையே மாட்டிவிடலாமே என்று நான் உஸ்தாதிடம் மெதுவாகச் சொன்னேன்.

"மாட்டலாம். சத்தம் நின்னுடும். பாரம் நிக்காது" என்றார் அவர்.

பிறகு தாடியைத் தடவிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். "அவன் சொல்லித்தானே இந்த டயரையே போட்டிருக்கே. அவனுக்காகப் போட்ட டயர். அவன் ஏன் இறங்குவான்?" என்றார். "லிஃப்ட் கேட்டவனை நடுவழியிலேயே வச்சுக்கிட்டுச் சுத்தறே. எங்கே இறங்கணும்னு சொன்னான்?"

தண்ணீர் டேங்கர் முக்கில் என்றார் செல்வராஜ். அப்புறம் அந்தப் பக்கம் போனாயா என்று உஸ்தாத் கேட்டார். அந்த ரோட்டையே விட்டுவிட்டேன், ஆபீஸுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன் என்றார் இவர்.

"அப்போ போ. சொன்ன இடத்துல இறக்கி விடு. பொண்ணை அப்புறம் ஏத்திக்கோ." அடுத்து என் பக்கம் திரும்பினார். "பல்னி, நீயும் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போ. இறங்கறவன் உங்க ஊர்க்காரன். நான் பஞ்சாபியில இறங்குன்னா அவனுக்கு என்ன புரியும்?"

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. ஸ்பிரிங் போல்ட்டை இறுக்கச் சொல்கிற அதே குரல்தான்.

போனோம். முன்னால் அவர், பின்னால் நான். ஓட்டத்தெரிந்தவன் முன்னால் போகும் வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போகக் கூடாது, ஆனால் என்னால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சர்ர் என்று உரசியது. ரிங் ரோட்டில் ஒரு பஸ் எங்களுக்கு நடுவில் புகுந்தது. அது விலகியபோது, செல்வராஜின் வலது தோள் மட்டும் லேசாகத் தாழ்ந்திருந்தது, யாரோ அதில் கை ஊன்றியதுபோல. குளிருக்குத் தோளைக் குறுக்கியிருப்பார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாலத்துக்கு அடியில் அவர் வேகத்தைக் குறைத்தார். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு கார்க்காரன் ஹார்ன் அடித்துக் கத்தினான். அவர் நிற்கவில்லை. நடக்கிற வேகத்தில் அந்தத் தடுப்புச் சுவரைக் கடந்து வெளியே வந்தார்.

பாலம் தாண்டியதும் ஒரு முக்கு. குடிசைகள், தார்ப்பாய்க் கூரைகள், ஒரு பச்சை டேங்கர். பெண்கள் கேன்களோடு வரிசையில் நின்று, தமிழில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றினார். கைப்பிடியை விடவில்லை. நான் அவருக்குப் பின்னால் ஓர் ஆள் இடைவெளியில் நிறுத்தினேன்.

"ஏழுமலை, உங்க இடம் வந்துட்டு" என்றார், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "டேங்கர் நிக்கிற முக்குதான். எறங்கிக்கிடுங்க. நேரமாயிட்டு, மன்னிச்சிருங்க."

அப்புறம்தான், திரும்பாமல், என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

என் கண் தானாகவே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குப் போயிற்று. எத்தனை வருடம் பார்த்த இடம் அது. ஒரு விரல் நுழையாது, அவ்வளவு அமுங்கியிருந்தது. அவர் அசையவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது. அப்போது வரிசையில் கடைசியாக நின்ற பெண், எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் திரும்பி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமல், காலால் தன் காலிக் கேனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஓரடி ஒதுங்கி நின்றாள். நடந்து வருகிறவருக்கு வழி விடுகிற ஒதுக்கம். விட்ட வழியில் யாரும் வரவில்லை. அவள் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டாள்.

நான் மறுபடி மட்கார்டைப் பார்த்தேன். இரண்டு விரல் போகும் இடம் இருந்தது.

"இறங்கிட்டார் சார்" என்றேன்.

செல்வராஜ் திரும்பவில்லை. மூச்சை விட்டார், குளிரில் அது வெள்ளையாகப் போனது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டார். "நித்யா, கிளாஸ் விட்டதும் வாசல்லயே நில்லும்மா. ஆட்டோல ஏறாதே. அப்பா வண்டியில வாரேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியை முனிர்கா பக்கம் திருப்பினார்.